பென்சில் பெட்டிக்குள் வந்துவிட்ட வேப்: ஆட்சியரிடம் ஒரு மனு

அனுப்புநர்:
எழுதுபொருள் கடைக்காரர்,
அஸ்தம்பட்டி, சேலம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சேலம் மாவட்டம்.

பொருள்: மாணவர்களிடம் பரவும் மின்சிகரெட் (வேப்) – விற்பனையைத் தடுக்கவும் பழகிய பிள்ளைகளை மீட்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பள்ளி ஒன்றின் அருகே 22 ஆண்டுகளாகப் பேனாவும் நோட்டும் விற்று வருகிறேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி மகனின் பென்சில் பெட்டியில் ஹைலைட்டர் போல ஒன்று இருந்தது. புது மாடலா என்று கேட்டேன். "ஆமாம் பெரியப்பா" என்றான். மாம்பழ வாசனை வந்தது. சேலத்தில் மாம்பழ வாசனைக்கு யார் சந்தேகப்படுவார்கள்?

அது வேப் என்று எனக்குத் தெரிவதற்குள் அவன் சிகரெட்டுக்கு வந்துவிட்டான். வேப் தீர்ந்தால் அடுத்ததற்கு நூற்றுக்கணக்கில் பணம் வேண்டும். ஒற்றைச் சிகரெட் சில்லறைக்குக் கிடைக்கிறது. வேப் தொண்டையை எரிக்காததால் பிள்ளைகள் அதை ஓயாமல் இழுக்கிறார்கள். உள்ளே போவது நிகோடின்; 25 வயதுவரை வளரும் மூளை அதற்குச் சீக்கிரம் அடிமையாகிவிடுகிறது. தம்பி மகன் ஏற்காட்டுக்கு பைக்கில் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூத்த பையன் ஒருவன் அவனுக்கு அதேபோன்ற கருவியில் கஞ்சா எண்ணெய் நிரப்பிக் கொடுத்திருக்கிறான். கஞ்சாப் புகையின் நாற்றம் இதில் அவ்வளவாக இல்லை. வீட்டில் எங்களுக்கு எப்படித் தெரியும்? அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களுக்கு 2019-இல் தொடங்கிய நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரிக்குள் 2,800-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். 68 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கஞ்சாச் சாறு கலந்த திரவத்தை இழுத்தவர்கள்.

சட்டத்துக்குக் குறைவில்லை. தமிழ்நாடு 2018-லேயே தடை செய்தது. 2019-இன் மத்தியச் சட்டப்படி முதல்முறை விற்றாலே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் எங்கள் பகுதிக்குச் சோதனைக்கு வருகிறவர்கள் பெட்டிக்கடையில் குட்கா பொட்டலம் தேடிவிட்டுப் போகிறார்கள். இதுவோ செல்போன் உதிரிபாகக் கடையில், சார்ஜருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஆகவே, அத்தகைய கடைகளையும் பரிசுப்பொருள் கடைகளையும் சோதனையில் சேர்க்க வேண்டுகிறேன். ஏற்காட்டில் கோடை விழாவுக்கு முன்பே இது நடந்தால் நல்லது. இந்தக் கருவிகளின் படங்களை ஆசிரியர்களுக்குக் காட்டுங்கள். பேனா விற்கிற நானே ஏமாந்தேன்.

இன்னொன்று. விஷயம் தெரிந்ததும் பள்ளியில் டி.சி. கொடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். வெளியே அனுப்பினால் அவன் அந்த மூத்த பையனிடம்தான் போவான். பிடிபடும் மாணவரை நீக்காமல், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் பள்ளி முடிந்த மாலை நேரத்தில் ஆலோசனை கிடைக்க உத்தரவிடுங்கள். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணை எல்லாப் பள்ளிகளிலும் எழுதி வைக்கச் செய்யுங்கள்.

பையனின் பெயரை இங்கே எழுதவில்லை. அதிகாரிகள் வந்தால், விற்ற கடையை நேரில் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எழுதுபொருள் கடைக்காரர்