மங்களூரு சுற்றுலா ஏற்பாட்டில் நேர்ந்த குறைபாடுகள் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தவறான வாகன ஏற்பாடும் பயணத் திட்டமும் – பணத்தைத் திரும்பக் கோருதல்

ஐயா,

தங்கள் நிறுவனத்தின் மங்களூரு சுற்றுலாவுக்கு என் பெற்றோரையும் என்னையும் பதிவு செய்து, முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே செலுத்தியிருந்தேன். தாயாருக்கு மூட்டுவலி இருப்பதால் ஏற்றத்தில் நடக்க இயலாது என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தேன்.

மங்களூரில் இரண்டு ரயில் நிலையங்கள் உள்ளன. நகரின் நடுவே உள்ள சென்ட்ரலோடு தண்டவாளம் முடிந்துவிடுவதால், கேரளம் வழியாக வந்து கொங்கண் பாதையில் வடக்கே செல்லும் ரயில்கள் பெரும்பாலும் அங்கே போகாமல், முன்பு கங்கனாடி என்று அழைக்கப்பட்ட ஜங்ஷனில் நின்று செல்கின்றன. திருநெல்வேலியிலிருந்து அத்தகைய ரயிலில் எங்களுக்குப் பயணச்சீட்டு எடுத்துத் தந்தது தாங்களே. சீட்டில் 'மங்களூரு ஜங்ஷன்' என்றே இருந்தது. அப்படியிருந்தும் கார் சென்ட்ரலில் காத்திருந்தது. கொட்டும் மழையில் இரவு நேரத்தில் பெட்டிகளோடு நின்ற நாங்கள், தங்கள் அலுவலகத் தொலைபேசியை யாரும் எடுக்காததால், ஆட்டோ பிடித்து விடுதிக்குச் சென்றோம். ஓட்டுநர் மீது எனக்குக் குறையில்லை; அவருக்குச் சொல்லப்பட்ட இடத்தில்தான் அவர் நின்றிருந்தார்.

இதைவிடப் பெரிய குறை, பேருந்து நிலையத்திலிருந்து விடுதி "நடக்கும் தூரம்" என்று திட்டத்தில் தாங்கள் குறிப்பிட்டிருந்ததுதான். ஸ்டேட் பேங்க் பேருந்து நிலையம் பள்ளத்தில் இருக்கிறது. தாங்கள் அமர்த்திய விடுதியோ கலங்கரை விளக்கக் குன்றின் ஏற்றத்தில் இருந்தது. வடிகாலை மூடிய கற்பலகைகளே அங்கு நடைபாதை. அவற்றில் சில பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தன. மழையில் வழுக்கிய அந்தப் பலகைகளில் என் தாயார் ஒவ்வொரு அடிக்கும் மதில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். கத்ரி மஞ்சுநாதர் கோயிலுக்குப் பின்னால் உள்ள குளங்களுக்கும், அதற்கும் மேலே உள்ள பாண்டவர் குகைகளுக்கும் படியேறித்தான் செல்ல வேண்டும் என்பதையும் தங்கள் திட்டம் சொல்லவில்லை. இந்த அலைச்சலால், நாராயண குரு 1912-இல் பிரதிஷ்டை செய்த குத்ரோளி கோகர்ணநாதர் கோயிலை, என் பெற்றோர் மிகவும் ஆவலோடு எதிர்பார்த்திருந்த அந்த ஒன்றை, பார்க்காமலேயே திரும்ப நேர்ந்தது.

குன்றும் பள்ளமுமான ஊரில் கிலோமீட்டரை மட்டும் பார்த்து முதியவர்களுக்குத் திட்டம் வகுப்பது பொறுப்பற்ற செயல் என்றே கருதுகிறேன். ஊரில் தனியார் நகரப் பேருந்துகள் அடிக்கடி ஓடினாலும், அவற்றின் உயரமான படிகளில் அவர்களால் ஏற முடியவில்லை.

ஆகவே, வந்து சேராத காருக்கு வசூலித்த தொகையையும், ஆட்டோக்களுக்கு நாங்கள் செலவிட்ட தொகையையும் பதினைந்து நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன், ரசீதுகளை இணைத்துள்ளேன். இனி அச்சிடும் திட்டங்களில் எந்த ரயில் நிலையம் என்பதையும், எங்கெங்கு ஏற்றமும் படிகளும் உள்ளன என்பதையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். உரிய பதில் கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
திருநெல்வேலி