காயில்ஓவர் வேலையில் காணொளி காட்டாத பாதி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரின் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள காயில்ஓவர் செட்டை (அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்தது) இணையத்தில் வாங்கி, வீட்டிலேயே பொருத்திப் பார்க்கும் ஆர்வம் இங்கே சிங்கப்பூரில் நம் இளையர்களிடம் இருக்கிறது. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் அவர்கள் பார்த்துப் பழகும் காணொளிகள், பழைய அப்சார்பரை (குலுக்கலைத் தணிக்கும் உருளையை) கழற்றுவதையும் புதியதை மாட்டுவதையும் விரிவாகக் காட்டிவிட்டு, சக்கரம் தரையைத் தொட்டதும் முடிந்துவிடுகின்றன. வேலையின் முக்கியமான பாதி அதற்குப் பிறகுதான். சில மாதங்களில் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ் கிழிவது, டயரின் உட்பக்கம் மட்டும் மொட்டையாவது, ஹம்ப் (வேகத்தடை மேடு) ஏறி இறங்கும்போது ‘டக்’கென்று சத்தம் வருவது ஆகியவற்றுக்குப் பொருளின் தரத்தைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் காரணம் அந்த விட்டுப்போன பாதிதான்.

முதலில் இடம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாகன நிறுத்துமிடத்தில் இந்த வேலை கூடாது. அங்கே பழுதுபார்ப்புக்கு அனுமதி இல்லை. தரையும் தண்ணீர் வடியச் சாய்வாக இருக்கும். தரைவீட்டு முற்றங்கள் பலவும் வடிகாலை நோக்கிச் சரிந்தவை. ஒரு நீர்மட்டத்தை வைத்துப் பாருங்கள், குமிழி நடுவில் நிற்கவில்லை என்றால் அங்கே காரைத் தூக்காதீர்கள். சமதளம் கிடைக்காதவர்கள் காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் தெரிந்த பட்டறையில் ஒரு மேடையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

வாங்கும் முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டாரிங் தளத்தில் வாகன மாற்றங்கள் பற்றிய பகுதியைப் படியுங்கள். அனுமதி தேவைப்படாதவை, அனுமதி பெற வேண்டியவை, அறவே கூடாதவை என்று பிரித்திருக்கிறார்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு தெரிவிப்பதில் பயனில்லை.

கருவிகளில் சமரசம் வேண்டாம். காருடன் வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. தரை ஜாக்கி ஒன்று, ஜாக் ஸ்டாண்டு குறைந்தது இரண்டு, சக்கரத் தடுப்புக் கட்டைகள், இறுகிய நட்டுகளை இளக்க நீளமான பிரேக்கர் பார், குறித்த முறுக்கு அளவில் இறுக்கும் டார்க் ரென்ச், 14, 17, 19 மி.மீ. சாக்கெட்டுகள், 5, 6 மி.மீ. ஆலன் சாவிகள், துரு இளக்கும் ஸ்பிரே, வண்ணம் பூசும் மார்க்கர் ஆகியவை வேண்டும். ஸ்பிரேயை முதல் நாள் மாலையே நட்டுகளில் அடித்து ஊறவிடுங்கள். உங்கள் கார் மாடலின் சர்வீஸ் கையேட்டிலிருந்து ஒவ்வொரு போல்ட்டுக்குமான முறுக்கு அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் சில போல்ட்டுகள் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத் தக்கவை. அவற்றைப் புதிதாக வாங்க வேண்டும்.

எதையும் கழற்றும் முன், நான்கு சக்கரங்களிலும் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தரைச் சாய்வும் கணக்கைக் கெடுத்துவிடும். இந்த நான்கு எண்கள் வேலை முடியும்வரை கூடவே வரும்.

முன்பக்கம் பெரும்பாலான கார்களில் மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக இருக்கும் அமைப்பு. பின் சக்கரங்களுக்குத் தடுப்புக் கட்டை வைத்து, சக்கர நட்டுகளைத் தரையிலேயே கால் சுற்று இளக்கி, தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, காரைக் கையால் பலமாக அசைத்துப் பார்த்த பிறகே சக்கரத்தை எடுங்கள். கழற்றிய சக்கரத்தைக் கதவுக்குக் கீழே படுக்க வையுங்கள். ஸ்டாண்டு சறுக்கினாலும் அது தாங்கும். மின்சாரக் கார்களில் அடியில் பேட்டரி இருப்பதால், தயாரிப்பாளர் குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் ஜாக்கி வைக்கவே கூடாது.

ஸ்ட்ரட்டில் பிடிக்கப்பட்டிருக்கும் பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் முதலில் விடுவியுங்கள். ஆன்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இணைப்பைக் கழற்றும்போது இரண்டு பக்கமும் தொங்கும் நிலையில் இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கியிருந்தால் அந்தக் கம்பி முறுக்கேறி நிற்கும், போல்ட் வெளியே வராது. அதன் பந்து முனை சுழன்றால் நடுவில் ஆலன் சாவியைச் செருகிப் பிடிக்கலாம். ஸ்ட்ரட்டை நக்கிளுடன் (சக்கர மையத்தைத் தாங்கும் பகுதியுடன்) பிணைக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளை எடுக்கும் முன், அவை இருந்த நிலையை மார்க்கரால் கோடிடுங்கள். எடுத்தவுடன் நக்கிள் வெளிப்புறம் சாயும். அதைக் கம்பியால் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் பாரம் முழுவதும் பிரேக் ஹோஸில் தொங்கும், சில கார்களில் அச்சுத்தண்டின் உள்மூட்டு கழன்றும் வந்துவிடும்.

உயிருக்கே ஆபத்தான இடம் ஒன்று உண்டு. பழைய ஸ்ட்ரட்டின் உச்சியில், நடுவில் இருக்கும் ஒற்றை நட்டை ஸ்பிரிங் அமுக்கி மாட்டாமல் தொடாதீர்கள். சுற்றியுள்ள மூன்று சிறிய நட்டுகளைக் கழற்றினாலே ஸ்ட்ரட் முழுதாக இறங்கிவிடும். நடு நட்டு மட்டும்தான் அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கிறது. புதிய செட்டில் மேல் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் உச்சியைக் காரின் உடலோடு பிணைக்கும் பகுதி) சேர்ந்து வந்தால் பழையதைப் பிரிக்கவே தேவையில்லை. பழைய மவுண்ட்டை மீண்டும் பயன்படுத்தச் சொல்லும் செட்டாக இருந்தால், அந்த ஒரு வேலையைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். மவுண்ட்டுக்குக் கீழே உள்ள பேரிங்கை மறந்துவிட்டால், ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு ‘டங்’கென்று விடுபடும்.

புதிய அப்சார்பரின் தண்டு நட்டில் இம்பாக்ட் கன் (அதிரடியாகச் சுழற்றி இறுக்கும் விசைக்கருவி) வேண்டாம். தண்டு வேகமாகச் சுழன்று எண்ணெய் சீலைக் கெடுக்கும். உள்ளே ஓடும் அழுத்தச் சீரமைப்புக் கம்பியும் (அப்சார்பரின் கெட்டித்தன்மையை மாற்றுவது) சேதமாகும். மேலே வரும் மூன்று நட்டுகள் சிறியவை, கைப்பலத்தைக் காட்டினால் அவை ஏறும் திருகுத் தண்டு (ஸ்டட்) முறிந்துவிடும். டார்க் ரென்ச்சால் மட்டும் இறுக்குங்கள்.

இனி உயரம். முழுநீளத் திருகுள்ள காயில்ஓவரில் இரண்டு சரிசெய்தல்கள் உண்டு. கீழ் பிராக்கெட் காரின் உயரத்துக்கு, மேலே உள்ள வளையம் ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்துக்கு (காரின் பாரம் ஏறும் முன்பே ஸ்பிரிங்கை அமுக்கி வைக்கும் அளவு). முன்னழுத்தம் கூட்டினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்ற நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மி.மீ.க்கு 6 கிலோ தாங்கும் ஸ்பிரிங், அதன் மேல் 300 கிலோ எடை என்றால் ஸ்பிரிங் 50 மி.மீ. அமுங்கும். வளையத்தைத் திருகி முன்பே 10 மி.மீ. அமுக்கிவிட்டால், கார் இறங்கும்போது மீதி 40 மி.மீ. மட்டும் அமுங்கும். மொத்தம் அதே 50, ஸ்பிரிங்கின் பலம் அதே 6. மாறியது என்ன? கார் 10 மி.மீ. உயர்ந்தது, சக்கரம் கீழே தொங்கக்கூடிய தூரம் 50லிருந்து 40 ஆகக் குறைந்தது. ஹம்ப்பைத் தாண்டி இறங்கும்போது டயர் தரையை விடாமல் பிடிக்க அந்தத் தூரம்தான் தேவை. ஆகவே ஸ்பிரிங் ஆடாமல் உட்காரும்வரை கையால் திருகி, தயாரிப்பாளர் சொன்ன சில மி.மீ. மட்டும் கூட்டி, பூட்டு வளையத்தை இறுக்குங்கள். பிறகு உயரத்தைக் கீழ் பிராக்கெட்டில் மட்டும் மாற்றுங்கள். ஸ்பிரிங் தளர்வாக விடப்பட்டால்தான் அந்த ‘டக்’ சத்தம் பிறக்கிறது.

பிராக்கெட்டுக்குள் அப்சார்பரின் உடல் எவ்வளவு ஆழம் திருகப்பட்டிருக்க வேண்டும் என்பதற்குக் குறைந்தபட்ச அளவு உண்டு. உயரம் வேண்டும் என்று அதைத் தாண்டி வெளியே எடுத்தால் சில புரிகள் மட்டுமே ஒரு சக்கரத்தின் பாரத்தைச் சுமக்கும். எவ்வளவு தாழ்த்தலாம் என்று கேட்டால், பழைய உயரத்திலிருந்து 20 முதல் 30 மி.மீ. போதும் என்பேன். பலமாடிக் கார் நிறுத்துமிடச் சாய்தளங்களையும் ஹம்ப்புகளையும் தினமும் கடக்க வேண்டிய ஊர் இது. அதற்கும் கீழே போனால் அப்சார்பர் அடிக்கடி பம்ப் ஸ்டாப் ரப்பரில் மோதும். அந்த மோதலை ‘ஸ்போர்ட்டியான கெட்டித்தன்மை’ என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் சஸ்பென்ஷன் வேலை செய்யாத நிலை அது.

அடுத்து, காணொளிகள் அநேகமாகத் தொடாத ஒரு படி. கீழ்க்கையிலும் (சக்கரத்தைக் கீழிருந்து காரோடு இணைக்கும் கை) பின் அப்சார்பரின் அடியிலும் உள்ள ரப்பர் புஷ் ஒரு பேரிங் போலச் சுழலாது. உள்ளிருக்கும் இரும்புக் குழாயும் வெளிக்கூடும் ரப்பரோடு ஒட்டப்பட்டவை, அசைவு முழுவதையும் ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் ஏற்கிறது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது போல்ட்டை இறுக்கினால், அந்தத் தொங்கல் நிலையே ரப்பருக்கு ஓய்வு நிலையாகிவிடும். காரை இறக்கியதும் நின்றுகொண்டிருக்கும்போதுகூட அது முறுக்கியபடியே இருக்கும். உயரம் சற்றுத் தூக்கலாகத் தெரியும், பிறகு ரப்பர் கிழியும், பழி காயில்ஓவர் மேல் விழும். எனவே ரப்பர் புஷ் வழியாகப் போகும் எல்லா போல்ட்டுகளையும் முதலில் கைப்பிடியாக மட்டும் வையுங்கள். பிறகு கார் ஸ்டாண்டில் இருக்கும்போதே கீழ்க்கைக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து, சக்கர மையத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே நீங்கள் குறிவைத்த அளவு வரும்வரை மெல்ல உயர்த்துங்கள். அந்த நிலையில் டார்க் ரென்ச்சால் இறுதி இறுக்கம் கொடுங்கள். இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் மார்க்கரால் ஒரு கோடு. பின்னால் ஏதாவது தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

சக்கர நட்டுகளுக்கும் டார்க் ரென்ச்தான். டொயோட்டாக்கள் பலவற்றில் 103, ஹோண்டாக்கள் பலவற்றில் 108 நியூட்டன் மீட்டர்.

ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளக்காதீர்கள். டயர்கள் தரையைப் பிடித்து உள்வாங்கி நிற்பதால் கார் பொய்யான உயரத்தில் இருக்கும். முன்னும் பின்னும் சில மீட்டர் உருட்டி, அக்கம்பக்கத்தில் மெதுவாக ஓட்டி வந்து அளந்தால் இடமும் வலமும் உண்மையைச் சொல்லும். அழுத்தச் சீரமைப்பைக் கெட்டியான முனைவரை மெல்லத் திருகி, அங்கிருந்து படிகளை எண்ணிப் பாதியில் நிறுத்துங்கள். 16 படிகள் என்றால் 8. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் இரண்டு படிகளுக்கு மேல் மாற்ற வேண்டாம்.

தாழ்த்திய காரில் கேம்பரும் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரத்தின் சாய்வு) டோவும் (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) கட்டாயம் மாறியிருக்கும். டயரை வேகமாகத் தின்பது டோ. சில நாள் ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்ததும் எல்லா வளையங்களையும் நட்டுகளையும் மறுபடி சோதித்து, பிறகு கணினி அலைன்மெண்ட் செய்யுங்கள். அதுவரை மலேசிய நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம். முகப்பு விளக்கு தானாகச் சாய்வு மாற்றும் கார்களில் உயர சென்சாரையும், முன்கண்ணாடியில் கேமரா உள்ள கார்களில் அதன் அளவீட்டையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். எதிரே வருபவர் கண் கூசினால் அந்தத் தவறு உங்களுடையது.

நம் மழையில் திருகுப் புரிகளில் சேறு காய்ந்து வளையம் இறுகிக்கொள்ளும். கார் கழுவும்போது பிரஷ்ஷால் துலக்கி, காயவிட்டு, மெழுகு வகை ஸ்பிரே அடியுங்கள். கிரீஸ் மண்ணைச் சேர்த்துக்கொள்ளும், அது வேண்டாம்.

பழைய ஸ்ட்ரட், ஸ்பிரிங், மவுண்ட், போல்ட் எல்லாவற்றையும் இடம் வலம் என்று எழுதிப் பத்திரப்படுத்துங்கள். 3 வயதிலிருந்து 10 வயதுவரையுள்ள கார்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் 10 வயதைத் தாண்டியவை ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். ஏதாவது ஆட்சேபம் வந்தாலும், சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) முடிந்து காரை ஒப்படைக்கும் முன் காயில்ஓவரைக் கழற்றி விற்க நினைத்தாலும், அந்தப் பெட்டி கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாகனத் தொழில்நுட்ப வாசகர் ஒருவர்,
ஈசூன்