மாத்திரை பட்டுவாடா ஆகிவிட்டது, ஐயா: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும், எங்கள் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம். குறைதீர் நாளில் நான் கொடுத்த மனுவுக்கு உங்கள் பதில் போன வாரம் வந்தது. மூன்றே வரி. "மனுதாரரின் மனைவிக்கு நீரிழிவு நோய்க்கான மாத்திரைகள் மாதந்தோறும் இல்லத்திற்கே சென்று தங்குதடையின்றி வழங்கப்பட்டு வருகின்றன. எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது." மாத்திரை வரவில்லை என்று என் மனுவில் ஓர் இடத்திலும் நான் எழுதவில்லை. என் வீட்டம்மாவின் வலது கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள், அதுவரைக்கும் அந்தக் காலை உங்கள் ஆட்களில் ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் எழுதியிருந்தேன். படித்துவிட்டு முடித்து வைத்தீர்களா, முடித்து வைத்துவிட்டுப் படிக்கலாம் என்று வைத்திருக்கிறீர்களா, தெரியவில்லை. அதனால் இந்தத் தடவை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் 34 வருஷம் கிராமத்துத் தபால்காரனாக இருந்தவன். சைக்கிளில் நாலு ஊர் சுற்றியிருக்கிறேன். வீடு தேடிப் போவது என்ன வேலை என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். மணியார்டர் கொடுக்கப் போனால் பணத்தை எண்ணிக் கொடுத்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம், அதோடு பட்டுவாடா முடிந்தது. ஆனால் போன மாதம் திண்ணையில் உட்கார்ந்து வாங்கின கிழவி இந்த மாதம் படுத்துக்கொண்டே கையை நீட்டினால், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் நான் பெடலை மிதித்ததில்லை. அதற்கு எந்த ரிஜிஸ்டரிலும் கட்டம் கிடையாது.

திட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவத்தைத் தொடங்கி வைத்தபோது டிவியில் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்களில் நாங்களும் உண்டு. அதற்கு முன்னால் சுகர் மாத்திரைக்காக என் வீட்டம்மா பஸ் ஏறி ஆரம்ப சுகாதார நிலையம் போய் வரிசையில் நின்று வருவாள். ஒரு நாள் கூலி போய்விடும். சாப்பிடாமல் ஒரு ரத்தம், சாப்பிட்டபின் ஒரு ரத்தம் என்று டெஸ்ட் வைக்கும் நாளில் தூக்குவாளியில் இட்லி எடுத்துப் போவாள். ஒரு தடவை முதல் ரத்தம் எடுப்பதற்குள் மணி பத்தரை ஆகி, வெறும் வயிற்றில் மயங்கிப் பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். அந்த அலைச்சல் இப்போது இல்லை. மாத்திரை கொண்டுவருகிற பெண் எங்கள் ஊர் மகளிர் குழுப் பெண்தான். "அத்தை, இருக்கீங்களா?" என்று வாசலிலேயே குரல் கொடுத்துக்கொண்டு வரும். 2024-இல் ஐ.நா. விருது கிடைத்தது என்று பேப்பரில் வந்தபோது, "நம்ம பிள்ளைக்குத்தான்யா கொடுத்திருக்காக" என்று என் வீட்டம்மா பெருமையாகச் சொன்னாள்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். மனுவிலும் இருக்கிறது, இருந்தாலும் இன்னொரு தடவை.

ஆவணியில் என் வீட்டம்மா நூறு நாள் வேலைக்குப் போனாள், கண்மாய்க் கரையில் கருவேலம் வெட்டினார்கள். சாயங்காலம் வந்து கால் கழுவினாள், சமைத்தாள், படுத்தாள். மறுநாளும் அதே செருப்போடு வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் காலையில் சிமெண்டுத் தரையில் அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும் காசு அளவுக்குப் பொட்டுப் பொட்டாக ஈரம். கோழி ஏதோ பண்ணிவிட்டது என்று துடைத்துவிட்டாள். எனக்கு ஏதோ தட்டி, செருப்பைப் புரட்டிப் பார்த்தேன். முள் ரப்பரைத் துளைத்து, உள்பக்கம் சோற்றுப் பருக்கை அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக அதன் மேல்தான் நடந்திருக்கிறாள். வலிக்கவில்லையா என்று கேட்டால் "எது?" என்கிறாள்.

அன்றைக்குத்தான் மாத்திரை நாள். அந்தப் பெண் வந்து விரலில் குத்திப் பார்த்ததில் 286 காட்டியது. "கூட இருக்கு அத்தை, சோத்தைக் குறைங்க, பி.எச்.சி.யில ஒருக்கா காட்டிருங்க" என்று சொல்லி, மாத்திரையைக் கொடுத்து, செல்லில் ஏற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனது. முள் குத்தினதை என் வீட்டம்மா சொல்லவில்லை, மஞ்சள் பத்துப் போட்டுச் சேலைக்குள் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லியிருக்கலாம். முள்தானே என்று நானும் விட்டுவிட்டேன். அந்தக் குற்றம் என்னுடையது, அதை உங்கள் தலையில் கட்டவில்லை.

அதே வாரம் பிசியோ தம்பி பக்கத்துத் தெருவுக்கு வந்தார், பக்கவாதம் வந்தவருக்குக் கை கால் நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்க. எங்கள் வாசல் வழியாகத்தான் வண்டியில் போனார். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கிற செவிலியரும் ஊருக்குள் வந்து போனார். துணை சுகாதார நிலையம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே ஒரு சிஸ்டர் இருக்கிறார், கிராம செவிலியரும் உண்டு. அங்கிருந்தபடியே மருத்துவரிடம் வீடியோவில் பேசுகிற வசதியும் இருப்பதாகச் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தால் இந்த ஒரு பொம்பளையைச் சுற்றி ஆறு பேர். 286 என்ற எண் முதல் ஆளின் செல்லிலேயே தங்கிவிட்டது. மற்ற ஐந்து பேருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தால் யாராவது ஒருவர் உள்ளே வந்திருப்பார், அல்லது மாத்திரையைக் கூட்டவாவது சொல்லியிருப்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி ரிஜிஸ்டர், தனித்தனி டார்கெட். இதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் குழு.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் தூக்கிப்போட்டது. ஜி.எச்.சுக்குக் கொண்டுபோனோம். சீழ் எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார்கள். விரலை எடுத்த பிறகு ஒரு டாக்டர் இடது காலைச் சோதித்தார். பேனா மாதிரி ஒரு பிடி, முனையில் தூண்டில் நரம்பு மாதிரி நைலான் இழை. அது வளைகிற அளவுக்கு அழுத்தினால் பத்து கிராம் எடையாம். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "வைக்கும்போது சொல்லுங்கம்மா" என்றார். என் வீட்டம்மா கண்ணை மூடியபடி கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டு, "எப்ப வைப்பீக?" என்று கேட்டாள். அவர் அதற்குள் அஞ்சு இடத்தில் வைத்து எடுத்துவிட்டார்.

"இத்தனை வருஷத்துல யாரும் காலைப் பார்க்கலையாம்மா?" என்று அவர் கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை உங்களுக்குத் தெரியப்படுத்தத்தான் முதல் மனுவையே எழுதினேன். "கையை நீட்டச் சொல்வாக, விரல்ல குத்துவாக. காலை நீட்டுன்னு ஒருத்தரும் சொல்லலையே சார்."

அந்த நைலான் இழைக்கு கரண்டு வேண்டாம், லேப் வேண்டாம். இரண்டு காலையும் பார்த்தாலும் ஐந்து நிமிஷம்கூட ஆகாது. வருஷக்கணக்காகச் சர்க்கரை கூடிக் கிடந்தால் காலில் நரம்பு செத்துவிடும், ரத்த ஓட்டமும் குறையும், அதனால் புண் வந்தால் தெரியாது, வந்த புண் ஆறாது என்று அந்த டாக்டர் அரை நிமிஷத்தில் விளக்கினார். பன்னிரண்டு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு அந்த அரை நிமிஷம் விரல் போன பிறகுதான் கிடைத்தது.

இன்னொன்று. சிகிச்சைக் கையேடு ஒன்று கொடுத்திருக்கிறீர்களே, அதில் "பாதப் பரிசோதனை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். மூன்று இடத்தில் "நார்மல்" என்று எழுதியிருக்கிறது. யாருடைய கால் என்றுதான் எழுதவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. மாதம் ஒரு நாள், ஒரே ஒரு காலைப் பொழுது, இந்த ஆறு பேரும் எங்கள் துணை சுகாதார நிலையத்தில் ஒன்றாக உட்காருங்கள். ஊரில் சுகர் இருக்கிறவர்களின் பெயரை வரிசையாக வாசியுங்கள். யாருக்கு எண் ஏறியிருக்கிறது, யாருக்குக் கால் மரத்திருக்கிறது, யாருக்குக் கண் மங்குகிறது, யார் மாத்திரையை வாங்கிப் பானைக்குள் போட்டு வைக்கிறார்கள் (இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன்) என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு நோட்டு இருக்கட்டும். வருகிறவர் யாராக இருந்தாலும் அதே நோட்டில் எழுதட்டும், முன்னால் வந்தவர் எழுதியதைப் படித்துவிட்டு எழுதட்டும். புதிதாக ஆள் போடச் சொல்லவில்லை, கட்டடம் கேட்கவில்லை. இருக்கிறவர்கள் கூடி உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

மாத்திரைப் பெண்ணைக் கூப்பிட்டு மெமோ கொடுத்துவிட்டு விஷயத்தை முடித்துவிடாதீர்கள். அதைத்தான் செய்வீர்கள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது சம்பளம்கூடக் கிடையாது, ஊக்கத்தொகை. சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப் தீர்ந்துபோன மாதத்தில் வெறுங்கையோடு வந்து எங்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு நின்றது. 286 என்று தெரிந்தாலும் மாத்திரையைக் கூட்ட அதற்கு அதிகாரம் இல்லை, சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொல் என்று யாரும் சொல்லித் தரவும் இல்லை. ஆபரேஷன் ஆன மறுநாள் ஜி.எச்.சுக்கு வந்து கட்டில் ஓரத்தில் நின்று அழுதது. உங்கள் துறையிலிருந்து வந்த ஒரே ஆள் அதுதான்.

2020-இல் மாநிலம் முழுக்க ஓர் ஆய்வு எடுத்தார்கள், உங்களுக்குத் தெரியாதது இல்லை. சுகர் இருக்கிறவர்களில் நூற்றுக்குப் பதினோரு பேருக்குக்கூட அது கட்டுக்குள் இல்லை என்று வந்தது. மாத்திரை கைக்குக் கிடைப்பது ஒன்று, சர்க்கரை கட்டுக்குள் இருப்பது இன்னொன்று. இவ்வளவு செலவு செய்து வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டு, அந்த நடையைத் தாண்டி உள்ளே வராமல் போகிறீர்களே என்றுதான் வயிறு எரிகிறது.

நவம்பர் 14 சர்க்கரை நோய் தினத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஊர்வலம் விட்டீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் அட்டை. "ஓட்ஸ், கீரை, பழங்கள் உண்போம்." ரேஷன் அரிசியைப் பொங்கித் தின்கிற ஊரில் ஓட்ஸை எந்த வயலில் விதைக்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன். பேனருக்கு முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டீர்கள். அன்றைக்கு மட்டும் ஆறு பேரும் ஒரே இடத்தில் ஒன்றாக நின்றார்கள். அப்புறம் பாதம் பாதுகாப்போம் என்றும் ஒரு திட்டம் வந்திருக்கிறது. பெயர் வைப்பதில் உங்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அந்தத் திட்டத்தில் எங்கள் ஊர்ப் பாதமும் சேருமா?

மன்னிக்க வேண்டும். பேச்சு எங்கேயோ போய்விட்டது. வயதாகிவிட்டது, எனக்கும் சுகர் உண்டு, கோபம் சீக்கிரம் வருகிறது.

பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். மாதம் ஒரு காலை கூடி உட்காருங்கள். எங்கள் துணை சுகாதார நிலையம் ஒன்றில் மட்டும் ஆறு மாதம் செய்து பாருங்கள். சரிப்படவில்லை என்றால் விட்டுவிடுங்கள், நான் மறுபடி மனு கொடுக்க மாட்டேன். நோட்டு வாங்கக் காசு இல்லை என்றால் நான் வாங்கித் தருகிறேன், நாற்பது பக்க நோட்டு போதும். கூட்டத்துக்குத் தகவல் சொல்ல ஆள் வேண்டுமென்றால் சைக்கிள் இன்னும் ஓடுகிறது.

விரல் போன காலுக்கு எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மரத்த காலுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு, எழுதிக் கொடுத்தார்கள். அளவு எடுத்துப் போயிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. அதையும் ஒரு வார்த்தை விசாரித்தால் நல்லது. என் வீட்டம்மா இப்போது வெளியே போவதில்லை, திண்ணையில் வலது காலை முன்னால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். போன மாதம் அந்தப் பெண் வந்தபோது கையை நீட்டுவதற்கு முன்னால் தானாகவே இடது காலைத் தூக்கி அதன் மடியில் வைத்தாள். அதுவும் குனிந்து பார்த்தது. என்ன பார்க்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை.

இடது கால் இன்னும் முழுசாக இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்தவர் வருகிற தேதியைச் சொன்னால் வீட்டில் இருக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற ஒரு கிராமத் தபால்காரர்