சுவிட்ச் இடப்பக்கம் இருந்தது

மதிப்பிற்குரிய முதியோர் இல்ல நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 14ஆம் அறையில் 4 வருடம் இருந்தவன் எழுதுகிறேன். இப்போது 27இல் இருக்கிறேன். எப்படி வந்தேன் என்று உங்களுக்கே தெரியும். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து 5ஆம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது, என் சாமான்கள் எனக்கு முன்பே மாடி ஏறியிருந்தன. கதவில் என் பெயரைக்கூட ஒட்டிவிட்டார்கள். அதில் ஓர் எழுத்துப்பிழை வேறு.

புது அறை பெரியது, வெளிச்சம் அதிகம், ஜன்னலும் பெரியது என்றீர்கள். எல்லாம் உண்மை. நான் இல்லையென்று சொல்லவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

முதல் நாள் இரவு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2 மணி இருக்கும், பாத்ரூம் போக எழுந்தேன். பழைய அறையில் அதற்கு ஒரு கணக்கு உண்டு. கட்டிலிலிருந்து கால் தரையில் பட்டதும் நாற்காலி முதுகு கைக்கு வரும். அதைப் பிடித்து 2 அடி வைத்தால் இடப்பக்கம் சுவிட்ச். மூளைக்கு இதில் வேலையே கிடையாது. கைக்கும் காலுக்கும் தெரியும். அன்றைக்குக் கை நீட்டினால் நாற்காலி இல்லை. சுவரைத் தடவினேன். சுவர், மறுபடி சுவர், அப்புறம் ஜில்லென்று ஜன்னல் கண்ணாடி. என் பெயர் நினைவிருந்தது, வயது 79 என்பதும் நினைவிருந்தது. எங்கே நிற்கிறேன் என்பது மட்டும் பிடிபடவில்லை. கூப்பிட வெட்கம். நின்ற இடத்திலேயே வேட்டி நனைந்தது. காலையில் துணி மாற்றக் கொடுத்த பெண் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மறுநாள், என்னைப் பற்றி உங்கள் ஊழியர்கள் எழுதும் குறிப்பேட்டில் 'இரவில் லேசான குழப்பம்' என்று எழுதியிருந்ததை நானே படித்தேன். தவறில்லை. அதற்கு முந்தைய வரிதான் விட்டுப்போயிருக்கிறது: 'கேட்காமல் அறை மாற்றப்பட்டது.'

நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கையில் கிடைத்ததையெல்லாம் படித்த பழக்கம் இன்னும் விடவில்லை. அந்த தைரியத்தில் சிலவற்றைச் சொல்கிறேன். இப்படி இடம் மாற்றப்படும் முதியவர்களுக்கு வரும் தூக்கமின்மை, பதற்றம், தடுமாற்றம் இவற்றுக்கெல்லாம் சேர்த்து நர்சிங் படிப்பில் ஒரு பெயர் உண்டு: இடமாற்ற அழுத்தம். வட அமெரிக்கச் செவிலியர் சங்கம் ஒன்று 1992இலேயே இதைத் தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. இதற்கு மாத்திரை தேவையில்லை. முன்கூட்டிச் சொல்வது, புது அறையைக் கூட்டிப்போய்க் காட்டுவது, பழகிய பொருள்களைக் கூடவே வைப்பது, இவைதான் மருந்து. பைசா செலவில்லாத மருந்து என்பதால்தான் கண்ணில் படவில்லையோ என்னவோ.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் வெஸ்ட் எண்ட் பகுதியைச் சேரி என்று சொல்லி 1950களின் கடைசியில் இடித்துத் தள்ளினார்கள். அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் மனநிலையை ஆராய்ந்த மார்க் ஃப்ரீட் என்ற உளவியலாளர் 1963இல் அதற்குத் துக்கம் என்றே பெயர் வைத்தார். நெருங்கியவரைப் பறிகொடுத்தால் வருமே, அதே துக்கம். 2 வருடம் கழித்தும் அது ஆறாதவர்கள் இருந்தார்கள். இடித்தவர்களுக்கு அது பழைய கட்டடம். இருந்தவர்களுக்கோ, கண்ணை மூடிக்கொண்டு நடக்கக்கூடிய இடம். வீடு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நடக்க முடிகிற இடத்தில்தான் மனசு காவல் காப்பதை நிறுத்துகிறது. இந்த 3 வாரமாக நான் காவலிலேயே இருக்கிறேன், தூங்கும்போதும்.

உங்கள் விளம்பரத் தாளில் 'வீடு போன்ற சூழல்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 'போன்ற' என்று நேர்மையாகச் சேர்த்ததற்கு நன்றி. தமிழும் லேசுப்பட்டதில்லை. 'இல்' என்றால் வீடு. 'இல்' என்றால் இல்லை என்றும் பொருள். முதியோர் இல்லம் என்று பெயர் வைத்தவர் எந்த 'இல்'லை நினைத்து வைத்தாரோ. கதவைத் தட்டாமல் உள்ளே வருவது, 60 பேரையும் ஒரே 'தாத்தா', 'பாட்டி'யில் அடக்குவது, 8 மணிக்கு விளக்கை அணைப்பது, டிவி ரிமோட்டை ஆபீசில் பூட்டி வைப்பது என்று சொல்ல ஆரம்பித்தால்...

மன்னிக்கவும். நான் கேட்க வந்தது அறையைப் பற்றி.

பழைய அறைக்கு எதிரில் இருப்பவருக்கு நினைவு மங்கிவிட்டது. தினமும் சாயங்காலம் பையை மடியில் வைத்துக்கொண்டு 'வீட்டுக்குப் போகணும்' என்பார். 'இதுதான் உங்க வீடு' என்று உங்கள் ஊழியர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஒரு விஷயம் எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அவர் விலாசம் கேட்கவில்லை. 'எனக்குப் பயமாக இருக்கிறது, பழகினது எதுவுமே இங்கே இல்லை' என்கிறார். அவரையும் அடுத்த மாதம் மாடிக்கு மாற்றப் போவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம். மாற்றியே ஆக வேண்டுமென்றால், அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவரிடமும் கேளுங்கள். புரியாது என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள்.

1976இல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இருவர் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் இஷ்டம் என்று சொல்லி, விருப்பமிருந்தால் ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கச் சொன்னார்கள். இன்னொரு தளத்தில் செடியும் கொடுத்து, தண்ணீரையும் நர்சுகளே ஊற்றினார்கள். 3 வாரத்தில் முதல் தளத்துக்காரர்கள் சுறுசுறுப்பிலும் மகிழ்ச்சியிலும் தெளிவாக முன்னே இருந்தார்கள். நான் செடி கேட்கவில்லை. மாற்றும் முன் கேளுங்கள் என்றுதான் கேட்கிறேன். 1991இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற முதியோர் கோட்பாடுகளும், பராமரிப்பு இல்லங்களில் இருப்பவரின் கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் தன் வாழ்க்கையைத் தானே முடிவுசெய்யும் உரிமையையும் மதிக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. எழுதி 30 வருடத்துக்கு மேலாகிறது.

14ஆம் அறைக்கு இன்னும் பெயின்ட்கூட அடித்து முடியவில்லை. முடிந்ததும் என்னைத் திரும்ப அங்கே விடுங்கள். அது முடியாது என்றால் காரணத்தை என்னிடம் நேரில் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இனி யாரையும், அவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது மட்டுமாவது, மாற்றாதீர்கள்.

இன்னொன்று. எல்லா அறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று என் நாற்காலியை ஸ்டோர் ரூமில் போட்டிருக்கிறீர்கள். அதை இந்த வாரமே தரச் சொல்லவும். பின்னங்கால் ஒன்று குட்டை, ஓர் அட்டையை நாலாக மடித்து அடியில் வைத்திருந்தேன். நாற்காலியைக் கொண்டு வருபவர் அந்த அட்டையையும் மறக்காமல் எடுத்துவரட்டும்.

இப்படிக்கு,
14ஆம் அறைக்காரர்
(தற்சமயம் 27)