எல்லாவற்றையும் வெட்ட வேண்டாம், அக்கா

அன்புள்ள அக்கா,

அப்பா இருக்கும் கல்லறைத் தோட்டம் புதர் மண்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்து, "செத்தவங்களுக்கு யாரு இருக்கா" என்று அழுதீர்கள். மொத்தத்தையும் வெட்டிச் சுத்தம் செய்ய ஆள் பார்ப்பதாகவும் சொன்னீர்கள். அதற்கு முன் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

அப்பா பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் வட்டமாக ஒன்று ஒட்டியிருக்கிறதே, அழுக்கு என்று நகத்தால் சுரண்டப் பார்த்தீர்கள். அது லைக்கன். பூஞ்சையும் பாசியும் ஒன்றாகக் கூடி வாழும் உயிர். கல்லோடு ஒட்டி வளரும் வகைகளில் பல, வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் பரவுவதில்லை. தேதி பொறித்த கல்லறைக் கற்களில் அதை அளந்து வளரும் வேகத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். அந்த வேகத்தை வைத்து, பனியாறு பின்வாங்கியபோது வெளியே வந்த பாறைகள் எத்தனை காலமாக வெளியே இருக்கின்றன என்பதைக்கூடக் கணிக்கிறார்கள். அப்பா கல்லில் இருப்பது கட்டைவிரல் நகம் அளவுதான். அவர் இல்லாமல் நாம் கழித்த வருடங்கள் அதற்குள் இருக்கின்றன. அதைச் சுரண்ட எனக்கு மனம் வரவில்லை.

அப்பா செடியாக, கொடியாக வாழ்கிறார் என்று சொல்லி உங்களைத் தேற்ற வரவில்லை. உடம்பில் இருந்த சத்து மண்ணுக்குப் போகும், மண்ணிலிருந்து வேருக்குப் போகும், அது உண்மைதான். ஆனால் அவர் குரல் எங்கேயும் இல்லை. நானும் அதைத்தான் தேடுகிறேன்.

ஆனாலும் அந்த இடத்தை அனாதை என்று சொல்லாதீர்கள். கல்லறை என்பதால்தானே அங்கே யாரும் உழவில்லை, கட்டடம் எழுப்பவில்லை? சுற்றிலும் எல்லாம் மாறிப்போன பிறகும், பறவைக்கும் பூச்சிக்கும் அந்த மண்ணைக் காத்துக் கொடுத்தவர்கள் உள்ளே படுத்திருப்பவர்கள்தான். லண்டனில் 1840இல் திறந்த ஆப்னி பார்க் கல்லறையும் இப்படித்தான் காடாகிப் போனது. இன்று அது பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. தெரிந்தேதான் அந்தக் காட்டை வைத்திருக்கிறார்கள்.

சரி, உங்கள் முழங்கால் வலியோடு அந்த முள்ளுக்குள் நடக்க முடியாது. வாசலிலிருந்து அப்பா வரைக்கும் ஒரு பாதை வெட்டுவோம். கல்லைப் பெயர்க்கும் வேர் இருந்தால் அதையும் எடுப்போம். மிச்சம் அப்படியே இருக்கட்டும். களைக்கொல்லி வேண்டாம், கம்பி பிரஷ் கண்டிப்பாக வேண்டாம், அது எழுத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடும். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், ஆளிடம் அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி