சோடாபுட்டியின் செய்தி

அன்புள்ள சேகர்,

“குரூப்புல ஏன்டா சத்தமே இல்ல?” என்று கேட்டிருந்தாய். நான்தான் காரணம். அட்மின் மட்டும் எழுதலாம் என்று பூட்டி வைத்திருக்கிறேன்.

பொங்கலன்று எல்லாரும் கரும்பும் காளையுமாக அனுப்பிக்கொண்டிருந்தபோது நம் சோடாபுட்டி நீளமாக ஒன்று எழுதினான். ஜல்லிக்கட்டுச் சட்டம் செல்லும் என்று 2023 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள், சரி. அதற்காக எனக்கும் பிடித்தாக வேண்டுமா, வாடிவாசலில் குத்துப்பட்டுச் சாகிற பையன்களின் வீட்டுக்கு யார் போய்ப் பதில் சொல்வது என்று. அவன் சித்தப்பா மகன் பெரியாஸ்பத்திரியில் கிடந்தது உனக்கும் தெரியும்.

2017-ல் ஜல்லிக்கட்டுக்காக மதுரை தமுக்கம் மைதானத்தில் ராத்திரி பகலாக உட்கார்ந்தவர்கள் இருக்கிற குரூப் இது. கோபம் வராதா? வந்தது. ஆனால் அதைச் சண்டையாக்கியவன் வேறொருவன். பெயர் வேண்டாம். “தமிழ் ரத்தம் ஓடுறவன் இப்படிப் பேசமாட்டான்” என்று ஒரே வரி, கூடவே நாலு சிரிப்புப் பொம்மை. அப்புறம் ராத்திரி பதினொன்றரை வரை அடிதடி. கொளுத்திப் போட்டவன் வாயே திறக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சோடாபுட்டி எழுதியதை அழித்தேன். அந்த ஒற்றை வரியை விட்டுவிட்டேன், சின்னதுதானே என்று. வாட்ஸ்அப்போ ‘அட்மின் நீக்கினார்’ என்று என் பெயரோடு ஊருக்கே காட்டிவிட்டது. அவன் குரூப்பை விட்டே போய்விட்டான்.

பயம்தான்டா. “போலீஸ் வந்தா அட்மினைத்தான் பிடிப்பாங்க” என்று வீட்டில் ஒரே புலம்பல். வக்கீலுக்குப் படித்த மருமகன் பிறகுதான் சொன்னான்: கரூர் வக்கீல்கள் குரூப் வழக்கில், வெறும் அட்மினாக மட்டும் இருந்திருந்தால் வழக்கிலிருந்து பெயரை நீக்கிவிட வேண்டும் என்று ஹைகோர்ட் மதுரைக் கிளை 2021 டிசம்பரிலேயே சொல்லிவிட்டதாம்.

இப்படிக் கொளுத்திப் போட்டு வேடிக்கை பார்க்கிறவனை ட்ரோல் என்கிறார்கள். ட்ரோல் என்றால் பூதம் என்றுதான் நினைத்திருந்தேன். ஓடும் படகுக்குப் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே போய் மீன் பிடிப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தானாம். நம்மவனுக்கு இதுதான் பொருத்தம். அவனுக்குத் தனியாக எழுதிக் கேட்டேன்: “நீ சொன்னதுக்கு உன் காரணம் என்ன?” இன்றுவரை இரண்டு நீல டிக்தான்.

ஞாயிற்றுக்கிழமை சோடாபுட்டி வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தான், முகம் கொடுக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், “திரும்ப வர்றேன். ஆனா நான் எழுதினதை அப்படியே திருப்பிப் போடு” என்றான். அழித்தது அழித்ததுதான், என்னிடம் இல்லை. புதிதாக எழுதேன் என்றால், அன்றைக்கு இருந்த சூட்டில் எழுதியது இனி வராது என்கிறான்.

எது வந்தாலும் படிக்காமலே வீட்டுக்கு பார்வர்டு பண்ணுகிறவன் நீ. தங்கச்சி போனில் பொங்கலன்று சாயங்காலம் வந்ததைத் தேடச் சொல். இருந்தால் உடனே அனுப்பு.

உன்,
மாரி