ராசிபலன் பக்கத்தில் கொஞ்சம் இடம் கிடைக்குமா?

ஆசிரியருக்கு,

எதிர்காலத் தொழில்நுட்பம் என்றாலே எல்லோரும் ரோபோ, செயற்கை நுண்ணறிவு என்று போய்விடுகிறார்கள். எனக்கு என்னவோ பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்து, சர்வதேச விண்வெளி நிலையம் கடந்துபோவதைப் பார்ப்பதில்தான் சந்தோஷம். கண்சிமிட்டாத வெள்ளைப் புள்ளியாக, சில நிமிடங்களில் வானத்தைக் கடந்துவிடும். சுமார் 400 கி.மீ. உயரத்தில் மணிக்கு 28,000 கி.மீ. வேகத்தில் போகும் அதற்குள் மனிதர்கள் இருக்கிறார்கள், பார்க்க டெலஸ்கோப்பும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம்.

2025 ஜூனில் நம் நாட்டு விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அங்கே போனபோது கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் கொண்டுபோனார். எடையை கிராம் கணக்கில் பார்க்கிற இடத்திலும் அல்வாவுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது! (நம்ம திருநெல்வேலி அல்வா எப்போது போகுமோ.)

இந்த நிலையத்தை 2030-க்குப் பிறகு பசிபிக் கடலில் இறக்கிவிட நாசா திட்டமிட்டிருக்கிறது. அப்புறம் வேறு நிலையங்கள் வரலாம், நம் நாடும் 2035-க்குள் ஒன்று அமைக்கப்போவதாகச் சொல்கிறது, சரி. அதுவரை, ராகு காலம், எமகண்டத்தோடு இந்த நிலையம் நம் ஊர்களுக்கு மேல் எந்த நேரத்தில், எந்தத் திசையில் தெரியும் என்பதையும் இரண்டு வரியில் போடுங்களேன்.

ஒரு வாசகர், மதுரை